சனிக்கிழமை மூடும் பள்ளிக்கூடம்

1

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினேன். நல்ல எண்ணத்தில்தான் ஏற்றினேன். வாசலில் வந்து நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார்கள். மும்பைக்கு வந்த நாளிலிருந்து இந்தியிலும் மராத்தியிலும் ஆண்பால் பெண்பாலைக் குழப்பி எத்தனையோ இடங்களில் அசடு வழிந்திருக்கிறேன். விளக்கேற்றி அசடு வழிந்தது இதுதான் முதல் தடவை. அதிலிருந்து ஆரம்பித்த விவகாரம் நேற்றுத்தான் ஒரு முடிவுக்கு வந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு இதை எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவருக்குத் தாராவியில் இரும்புச் சாமான் கடை. வீடு செம்பூரை ஒட்டிய திலக் நகரில். ஹார்பர் லைன் ரயிலில் போய் வருகிற தூரத்தில் ஒரு யூதப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, இப்போது துணை முதல்வர்.

இதை ஊரிலுள்ள என் தங்கைக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "யூதருன்னா யாருக்கா? வேதக்காரங்களா?" என்றாள்.

"இல்லட்டி, கிறிஸ்தவங்க இல்ல, அவங்க வேற."

"பெறகு ஒனக்கு அங்க என்ன வேல?"

"கணக்கு சொல்லிக் குடுக்கேன்."

"சம்பளம் ஒழுங்கா வருதுல்லா?"

"வருது."

"பெறகென்ன," என்று போனை வைத்துவிட்டாள். அதோடு அவளுக்கு யூதர் பற்றிய சந்தேகம் தீர்ந்தது.

2

உங்களுக்குக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இங்கே பெனே இஸ்ராயேல் என்று ஒரு கூட்டம் உண்டு. எந்தக் காலத்திலோ கப்பல் உடைந்து கொங்கண் கரையில் ஒதுங்கியவர்கள் என்று அவர்களே சொல்வார்கள். பேச்சு மராத்தி. பெண்கள் சேலையும் வளையலும்தான். நேர்த்தி வைத்தால் அவலில் தேங்காயும் வெல்லமும் பழமும் சேர்த்துப் படைக்கிறார்கள். முதல் தடவை அந்த அவலைக் கையில் வாங்கியபோது யாரோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டது மாதிரி இருந்தது.

அந்தக் காலத்தில் கிராமத்தில் செக்காட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் அக்கம்பக்கத்தார் அவர்களுக்கு 'சனிவார் தேலி' என்று பேர் வைத்தார்கள். சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள். யூதர் என்ற சொல்லே அந்த ஊர்களில் யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை செக்கு நிற்கும் வீடு என்றால் தெரியும்.

எங்கள் பள்ளியும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பாதி நாள், சனிக்கிழமை பூட்டு, ஞாயிற்றுக்கிழமை மணி அடித்துவிடும். ஆனால் யூதப் பிள்ளைகள் இப்போது மிகக் குறைவு. பெரும்பாலான குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. இருப்பவர்கள் முஸ்லிம் பிள்ளைகள், மராத்திப் பிள்ளைகள், தாராவியிலிருந்து வரும் நம் பிள்ளைகள் சிலர். வேத வசனம் எழுதிய சுருளை உள்ளே வைத்து வாசல் நிலையில் அடித்திருக்கும் சின்னப் பேழையைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். ஏன் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. முன்னால் போகிறவன் தொட்டால் பின்னால் வருகிறவனும் தொடுவான்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது அரசுத் தேர்வு சனிக்கிழமையில் வந்து விழும். எங்கள் கட்டிடத்தைத் தேர்வு மையமாக்கி உத்தரவு அனுப்புவார்கள். அதை மாற்றச் சொல்லிக் கல்வி அலுவலகத்துக்கு அலைவது என் வேலை. அங்கே ஒரு குமாஸ்தா உண்டு. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை பார்ப்பது போலவே கேட்பார்.

"நீங்க யூதரா?"

"இல்லை, தமிழ்."

"தமிழ் யூதரா?"

"தமிழ் இந்து."

"அப்ப சனிக்கிழமை ஸ்கூலைத் திறக்க உங்களுக்கு என்ன கஷ்டம்?"

இந்தக் கேள்விக்கு நான் இத்தனை வருடமும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. "சாஹேப், கையெழுத்து போடுங்க," என்பதோடு நிறுத்திக்கொள்வேன். நேற்றுத்தான் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

3

இந்த வருடம் எங்கள் முதல்வர் ஓய்வு பெறுகிறார். அடுத்த முதல்வர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சிப்போரா. எபிரேயப் பிரார்த்தனையும் மராத்தியும் சொல்லித்தருபவள், என் சிநேகிதி. வடாலாவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஒரு சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், வளர்ந்ததால் தமிழ் பேசுவாள். என்னை 'மீனா தாயி' என்று கூப்பிடுவாள். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். அவள் மகன் இஸ்ரேலில் இருக்கிறான். இந்த வருடம் முடிந்ததும் அவளும் அங்கே போகிறாள்.

"எனக்கு அங்க போய் என்ன பண்றதுன்னே தெரியல தாயி," என்றாள் ஒரு நாள். "அங்க எல்லாரும் யூதர்தான். என்னைப் பார்த்து இந்தியாக்காரின்னு சொல்லுவாங்க."

"இங்க என்னை மதராசின்னு சொல்றாங்கல்ல, அது மாதிரி," என்றேன்.

அவள் போகிறாள் என்று ஆனதும் நிர்வாகக் குழு என்னைப் பார்த்தது. யூதப் பள்ளி ஆசிரியர்களுக்கான தலைமைப் பயிற்சி ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். வெளிநாட்டிலிருந்து நடத்துவது. பல மாதம் திரையில் வகுப்பு. பல தேசத்து யூதப் பள்ளி ஆசிரியர்களின் முகங்களுக்கு நடுவே, பின்னால் குக்கர் விசில் கேட்கும் ஒரே சதுரம் என்னுடையது. ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. எங்கள் பயிற்சியாளர் லியோரா என்ற பெண்மணி. முதல் நாளே அவரிடம் சொன்னேன், நான் யூதர் இல்லை என்று. "தெரியும். பள்ளி யூதப் பள்ளிதானே," என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பயிற்சி எனக்குப் பிடித்திருந்தது. பெரிய பெரிய வார்த்தை கொஞ்சம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்த அம்மாள் கேட்கும் கேள்விகள் தூங்க விடாது. ஒரு வாரம் கேட்டார்: உங்கள் பள்ளியில் எதை எடுத்துவிட்டால் அது வேறு ஏதோ ஒரு பள்ளி ஆகிவிடும்? மற்றவர்கள் உடனே எழுதினார்கள். நான் அந்த வாரம் பதில் அனுப்பவில்லை. பாடத்தை முடிக்காமல் விடும் பழக்கம் எனக்குக் கிடையாது, அதனால் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பயிற்சியின் கடைசிக் கட்டம் நேரில். லியோரா மும்பைக்கே வந்தார். மாட்டுங்காவில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முடிவு நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் எல்லோருக்கும் சாப்பாடு, நிர்வாகக் குழுவினரும் வந்திருந்தார்கள்.

4

சூரியன் மறைவதற்கு முன்னால் லியோரா இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றினார். கண்ணைக் கைகளால் மூடிக்கொண்டு முணுமுணுத்தார். அந்த அந்தியோடு அவர்களுடைய சனிக்கிழமை ஓய்வுநாள் தொடங்கிவிட்டது. எல்லோரும் கை கழுவ வராந்தாவுக்குப் போனார்கள். நான் மேசையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறிக் காற்றில் ஒரு மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை. அந்தி நேரம். ஏற்றிய விளக்கு தானாக அணைந்துவிட்டது. நம் ஊர்ப் பெண்களுக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? பரிமாறும் மேசையில் தீப்பெட்டி கிடந்தது. பாய்ந்து எடுத்து, உரசி, ஏற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். திரும்பினால் வாசலில் அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

ஓய்வுநாள் தொடங்கிய பிறகு யூதர்கள் தீ மூட்ட மாட்டார்கள். இத்தனை வருடம் அந்தப் பள்ளியில் இருந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். பரீட்சைத்தாளில் கேட்டால் முழு மதிப்பெண் வாங்குவேன். ஆனால் கைக்குத் தெரிந்தது அம்பாசமுத்திரம் மட்டும்தான்.

தப்பைச் சரிசெய்வோம் என்று மெழுகுவர்த்தியை விசிறி அணைக்கப் போனேன். சிப்போரா ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு தாயி. ஏத்தறதும் வேணாம், அணைக்கறதும் வேணாம். சும்மா விடு."

"அப்ப என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாத. அதான் இன்னிக்கு வேலை."

லியோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு அணையக் கூடாதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்கள் வீட்டில் அணைந்தால் அணைந்ததுதான். உட்காருங்கள், சாப்பிடலாம்," என்றார். சாப்பிட்டோம். நான் மட்டும் தட்டைவிட்டு நிமிரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு சாம்சன் சாஹேப் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். நிர்வாகக் குழுத் தலைவர். நல்ல மனிதர், வாத்தியார்களை மரியாதையாக நடத்துபவர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. அவர் இந்தியில் சொன்னதை நம் பாஷையில் தருகிறேன்.

"மேடம், இன்னிக்கு எனக்கு ஒரு விஷயம் தெளிவாச்சு. நீங்கதான் அடுத்த முதல்வர்."

நான் வாயைத் திறப்பதற்குள் மீதியையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பள்ளி என்பதால் பெற்றோர் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்க்கிறார்கள். அப்பன் வீட்டில் இருக்கிற ஒரே நாள் ஞாயிறு. கல்யாணம் காட்சி எல்லாம் ஞாயிறு. இப்படியே போனால் வகுப்பறைகள் காலியாகும். ஆகவே வரும் வருடத்திலிருந்து சனிக்கிழமை திறந்து, ஞாயிற்றுக்கிழமை மூட வேண்டும்.

"எங்க கையால அதைச் செய்ய முடியாது மேடம். எங்க அப்பா, தாத்தா எல்லாரும் கண்ணு முன்னாடி வந்து நிப்பாங்க. நீங்க செஞ்சா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. இப்பப் பார்த்தேனே, உங்க கை கொஞ்சம்கூட நடுங்கல."

அதாவது என் கை அவர்களுக்குத் தேவைப்பட்டது. வியாழக்கிழமை குழு கூடுகிறது, அங்கே என் வாயாலேயே இதைத் திட்டமாக வைக்க வேண்டும், அன்றே முதல்வர் பதவியை உறுதி செய்துவிடலாம் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். திலக் நகர் வரும்வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தேன், இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

5

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் முகம் மலர்ந்தது. "ஏளா, முதல்வரா? ஒங்க அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லு மொதல்ல," என்றார். சனிக்கிழமை சமாச்சாரத்தைச் சொன்னேன். "அவுங்க நாளு, அவுங்களே மாத்தணுங்காவ. ஒனக்கு என்ன?" என்றார். கல்வி அலுவலகக் குமாஸ்தா கேட்ட அதே கேள்வி.

என் மகள் நித்யா அப்போதுதான் ஐரோலியிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஐடி கம்பெனியில் வேலை. பாதித் தமிழும் பாதி இந்தியுமாகத்தான் பேசுவாள். நான் எழுதுவதை அவள் படிக்க மாட்டாள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதற்குக் காரணம் இந்த ஞாயிற்றுக்கிழமைதான். மாட்டுங்காவில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு ஞாயிறு காலையில் நடக்கும். அவள் அப்பாவுக்குக் கடை, எனக்குப் பள்ளி. கூட்டிப் போக ஆள் கிடையாது. இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றே அவள் வளர்ந்துவிட்டாள்.

"மா, பண்ணிடு மா," என்றாள் நித்யா. "எதுக்கு இவ்ளோ சோச்சிட்டு இருக்க, யோசிக்க என்ன இருக்கு? நான் சின்னதா இருந்தப்ப எல்லார் வீட்லயும் சண்டே அம்மா இருப்பாங்க. நம்ம வீட்ல பூட்டுதான் இருக்கும். நீ என்கூட ஒரு சண்டேகூட இருந்ததில்ல, மாலும் ஹை?"

தெரியும் என்றேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் வலித்தது.

"அப்புறம் என்ன? அந்தப் பசங்களுக்காச்சும் கிடைக்கட்டுமே. யாருக்கு நஷ்டம், சொல்லு, போல் நா?"

அவள் கேட்டது நியாயம். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு மறுநாள் முழுவதும் வீட்டில் சுற்றிச்சுற்றி வந்தேன். சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. யாருக்கு நஷ்டம் என்று மட்டும் கேட்டுப் பார்த்தால் யாருக்கும் இல்லைதான். நித்யாவுக்குத் தமிழ் எழுத்து வராமல் போனதிலும் அந்தந்த வாரத்தில் யாருக்கும் நஷ்டம் தெரியவில்லை. இன்று என் அப்பா எழுதும் கடிதத்தை நான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து ஒரு விஷயம் எப்படிக் கழன்று போகும் என்பதைக் கூட இருந்து பார்த்தவள் நான். அதை இன்னொருவர் வீட்டில் என் கையாலேயே செய்யச் சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் சும்மா மாட்டேன் என்று சொல்லிவிட்டு வரவும் முடியாது. வகுப்பறை காலியாவது பொய்யில்லை. நித்யா மாதிரிப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருப்பதும் பொய்யில்லை. நான் கணக்கு டீச்சர். கால அட்டவணையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளி பாதி நாள் என்பதால், சனி ஞாயிறு இரண்டையும் முழுக்க மூடினால் கல்வித்துறை கேட்கிற மணி நேரம் நிறையாது. ஆனால் திங்கள் முதல் வியாழன் வரை ஒரு பீரியட் கூட்டினால் மாதத்தில் இரண்டு ஞாயிறு விடலாம். அடித்து அடித்துப் போட்டுப் பார்த்தேன், கணக்கு சரியாக வந்தது. ஆசிரியர்கள் என்னைச் சபிப்பார்கள். சபிக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

லியோராவின் பழைய கேள்விக்கும் பதில் எழுதி அனுப்பினேன். ஒரே வார்த்தைதான் எழுதினேன்: சனிக்கிழமை.

6

நேற்று வியாழக்கிழமை. சாம்சன் சாஹேபும் குழுவில் இன்னும் நான்கு பேரும். ஆசிரியர் தரப்பில் சிப்போரா. முதல்வர் அறையில் தேநீரும் பிஸ்கட்டும் வந்தன.

"மேடம் ஒரு திட்டம் வெச்சிருக்காங்க," என்று சாம்சன் சாஹேப் ஆரம்பித்து வைத்தார்.

எழுந்து அட்டவணையை மேசை மேல் விரித்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு விடுமுறை, சனிக்கிழமை எப்போதும் போல் பூட்டு என்றேன். அவர் முகம் மாறியது.

"நாம பேசினது இது இல்லையே மேடம்."

"தெரியும், சார். நீங்க பேசினதை என்னால செய்ய முடியாது."

"பிள்ளைங்க குறையறாங்க."

"பாதி ஞாயிறு கிடைச்சா எல்லாரும் திரும்பி வருவாங்கன்னு நான் சொல்லல. வீடு வீடாப் போய்க் கேக்கறேன். தாராவிக்கு நானே போறேன், அங்க என்னை எல்லாருக்கும் தெரியும்."

குழுவில் ஒருவர் குறுக்கிட்டார். "நீங்க யூதர் இல்லை. நாங்களே மாத்தறோம்னு சொல்றப்ப உங்களுக்கு என்ன பிடிவாதம்?"

குமாஸ்தா, என் கணவர், இப்போது இவர் என்று இந்தக் கேள்வியை மூன்றாவது ஆள் வாயிலிருந்து கேட்கிறேன். இந்தத் தடவை பதில் இருந்தது.

"உங்க ஊர்ல உங்களுக்குப் பேரு வெச்சது யாரு சார்? நீங்க வெச்சுக்கலையே. பக்கத்து வீட்டுக்காரங்க வெச்சாங்க, சனிக்கிழமை செக்கு நிக்கறதைப் பார்த்து. நானும் பக்கத்து வீட்டுக்காரிதான். இத்தனை வருஷமா பார்த்துட்டு இருக்கேன். எனக்கும் அதுல கொஞ்சம் பாத்தியதை உண்டு."

இந்தியில்தான் சொன்னேன். வழியில் இரண்டு இடத்தில் ஆண்பால் பெண்பால் மாறிப் போனது. யாரும் திருத்தவில்லை.

"மேடம்," என்றார் சாம்சன் சாஹேப் மெதுவாக. "இதுக்கு ஒத்துக்கலைன்னா முதல்வர் பதவிக்கு வெளியிலிருந்து ஆள் பார்க்க வேண்டி வரும்."

எதிர்பார்த்ததுதான். அந்தப் பதவி எனக்கு வேண்டும். வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன், மிகவும் ஆசைப்பட்டேன்.

"பாருங்க, சார். ஆனா வர்றவர் கையால செய்யாதீங்க. உங்களுக்கு சனிக்கிழமை திறக்கணும்னா இப்பவே, இங்கயே, நீங்க கை தூக்கி முடிவு பண்ணுங்க. நான் எழுதி, நோட்டீஸ் போர்டுல ஒட்டறேன். அந்த அளவுக்கு உங்க பேச்சைக் கேக்கறேன்."

சிப்போரா குனிந்து தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். வெளியே சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. சாம்சன் சாஹேப் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. சனிக்கிழமை பள்ளியைத் திறக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

குறுக்கிட்டுப் பேசியவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். இன்னொருவர் ஜன்னலைப் பார்த்தார். ஒருவரும் கை தூக்கவில்லை. சாம்சன் சாஹேப் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருடைய வலது கை மேசை மேல் விரித்தபடி கிடந்தது. அதை அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு என் அட்டவணையைத் தன் பக்கம் இழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கே. கத்துவாங்க. யாரு பதில் சொல்றது?"

"முதல்வர்தான் சொல்லணும்," என்றாள் சிப்போரா, தலையை நிமிர்த்தாமலே.

"நான் சொல்றேன், சார்," என்றேன். "ஆனா நீங்க என் பக்கத்துல வந்து நிக்கணும்."

அவர் அட்டவணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டார்.